குருசுக்குப்பம் சுற்றுவட்டாரச் சுற்றுலா இடங்கள்

குருசுக்குப்பம், புதுச்சேரி நகரின் வடபகுதியில் கடலோரமாக அமைந்துள்ள மீனவர் குடியிருப்பு ஆகும். குருச்சிக்குப்பம் எனவும் இப்பெயர் எழுதப்படுவதுண்டு. குப்பம் என்பது கடற்கரையோர மீனவர் ஊர்களைக் குறிக்கும் சொல்லாகும். இங்கிருந்து நடந்து சென்று காணத்தக்க இடங்களும், ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க இடங்களும் பல உள்ளன. பயணிகளை ஈர்ப்பதில் கடற்கரையே முதன்மையானது. அதே கடற்கரை மீனவர்களின் பணியிடமாகவும் உள்ளது. 1989ஆம் ஆண்டுக்குப் பின் இக்கடற்கரை பெரும் மாற்றத்துக்கு உள்ளாகியுள்ளது.

அமைவிடம்

புதுச்சேரியின் பழைய நகரம் முட்டை வடிவச் சாலை ஒன்றினால் சூழப்பட்டுள்ளது. அதன் வடக்கு எல்லையாக அமைவது சர்தார் வல்லபாய் பட்டேல் சாலை ஆகும். குருசுக்குப்பம் இதற்கு வடக்கே, முத்தியால்பேட்டைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது. வைத்திக்குப்பம், சோலை நகர் ஆகியன அண்மையிலுள்ள பிற மீனவர் பகுதிகளாகும். பழைய நகரினுள் ஒரு பெரிய வாய்க்கால் தெற்கு வடக்காகச் செல்கிறது. இதன் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியும் மேற்கே தமிழர் பகுதியும் அமைந்திருந்தன. இப்பிரிவினைத் தெருக்களின் பெயர்களிலும் வீடுகளின் அமைப்பிலும் இன்றும் காணலாம்.

கடற்கரைச் சாலை

குபேர் சாலை என்பது கடற்கரைச் சாலையின் அலுவல்முறைப் பெயராகும். புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. ஏறத்தாழ 1.5 கி.மீ. நீளமுள்ள இச்சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை ஊர்திகள் அனுமதிக்கப்படுவதில்லை. இங்குக் காணத்தக்கவை பின்வருமாறு:

காந்தி சிலை: ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுடையது. இதனைச் சூழ்ந்துள்ள ஒற்றைக்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

பழைய கலங்கரை விளக்கம்: 1836இல் ஒளியேற்றப்பட்டது. 1979இல் புதிய கலங்கரை விளக்கம் செயற்படத் தொடங்கியதும் இதன் பணி முடிவடைந்தது.

பிரெஞ்சுப் போர் நினைவிடம்: முதலாம் உலகப் போரில் உயிரிழந்த பிரெஞ்சு இந்தியப் போர்வீரர்களுக்காக எழுப்பப்பட்டு 1938இல் திறக்கப்பட்டது. பிரெஞ்சுத் தேசிய நாளான சூலை 14ஐ ஒட்டி இங்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

துறைமுகப் பாலங்கள்: 1866இல் அமைக்கப்பட்ட பழைய பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. பின்னர் 1962இல் தெற்கே திறக்கப்பட்ட பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது.

நகரினுள் காணத்தக்கவை

பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் உள்ளது. விளக்கொளியில் திகழ்ந்த ஆயி என்னும் கணிகையின் மாளிகையைக் கோயில் எனக் கருதி அரசர் ஒருவர் வணங்கினார் என்றும், உண்மை அறிந்து சினந்து அதனை இடிக்கக் கட்டளையிட்டார் என்றும், ஆயி தானே அதனை இடித்து அவ்விடத்தில் குளம் வெட்டினாள் என்றும் வாய்மொழிக் கதை கூறுகிறது. அக்குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டபோது, மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில் இம்மண்டபம் எழுப்பப்பட்டது. அரசர்களின் நகரில் ஒரு பெண்ணின் பெயரால் நிற்கும் இம்மண்டபம் புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இடம்பெற்றுள்ளது.

பூங்காவை அடுத்துள்ள அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுத் தொல்பொருட்களும் செப்புத் திருமேனிகளும் பிரெஞ்சுக் காலப் பொருட்களும் வைக்கப்பட்டுள்ளன. அருகிலுள்ள ரோமன் ரோலன் நூலகம் 1827இல் தொடங்கப்பட்டதாகும். மணக்குள விநாயகர் கோயில் பிரெஞ்சுக்காரர் வருகைக்கு முற்பட்டது. இங்கு வருவோருக்கு ஆசி வழங்கிவந்த இலட்சுமி என்ற யானை 2022 நவம்பர் 30 அன்று இறந்தது. கோயிலுக்கு அண்மையில் அரவிந்தர் ஆசிரமம் உள்ளது. பட்டேல் சாலையில் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத் தொழிலகம் அமைந்துள்ளது. 1959இல் தொடங்கப்பட்ட இங்குப் பருத்தித் துணிக் கழிவுகளைக் கொண்டு காகிதம் செய்யப்படுகிறது. குருசுக்குப்பத்திலிருந்து எளிதில் நடந்து செல்லத்தக்க இடங்களுள் இதுவும் ஒன்று.

இலக்கிய நினைவிடங்கள்

பிரித்தானியச் சட்டம் செல்லாத இடமாக இருந்தமையால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடுதலை இயக்கத்தினர் பலர் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். 1908இல் வந்த சுப்பிரமணிய பாரதி பத்து ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார். அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் 1910இல் வந்து சேர்ந்தனர். குயில் பாட்டு, கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகிய படைப்புகள் பாரதியின் புதுச்சேரிக் காலத்தைச் சேர்ந்தவை. ஈசுவரன் தர்மராசா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக உள்ளது. பாரதிதாசன் (1891-1964) வாழ்ந்த பெருமாள் கோயில் தெரு வீடும் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ளது. குயில் பாட்டுக்குத் தூண்டுதலாக அமைந்ததாகக் கருதப்படும் குயில் தோப்பு முத்தியால்பேட்டைப் பகுதியில் உள்ளது.

மாசி மகம்

மாசி மாத மக நாளில் வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி நடைபெறுகிறது. புதுச்சேரிக் கோயில்களின் உற்சவ மூர்த்திகளுடன் மயிலம் முருகன் உள்ளிட்ட தமிழ்நாட்டுக் கோயில்களின் மூர்த்திகளும் ஊர்வலமாகக் கொண்டுவரப்படுகின்றன. அன்று பெருந்திரளான மக்கள் கூடுவதால் குருசுக்குப்பம் வழியாகச் செல்லும் சாலைகளில் நெரிசல் மிகுந்து காணப்படும்.

கடலரிப்பு

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தை உள்ளடக்கிய நீண்ட மாதங்களில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இத்திசை மாறினும், ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதியாகும். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் இந்நகர்வினைத் தடுத்தன. இதனால் தெற்கே மணல் சேர, வடக்கே நகரக் கடற்கரை மணலை இழந்தது.

அரிப்பைத் தடுக்கக் கரையோரமாகக் கற்கள் கொட்டப்பட்டன. கற்கள் சாலையையும் வீடுகளையும் காத்தனவே அன்றி மணலை மீட்கவில்லை. மேலும், அரிப்பு கற்சுவரின் முனைக்கு அப்பால் வடக்கு நோக்கி நகர்ந்து, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் வழியாகத் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை பரவியது. மணற்கரை என்பது பயணிகளுக்குப் பொழுதுபோக்கும் இடம். மீனவர்களுக்கோ அது படகை இழுத்து நிறுத்தவும், வலை உலர்த்தவும், மீன் காயவைக்கவும் தேவையான இடம். எனவே மணல் இழப்பின் பெரும் சுமை மீனவர் மீதே விழுந்தது எனலாம்.

தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலினுள் ஆப்பு வடிவிலான எஃகுக் கட்டமைப்பொன்றை மூழ்கச் செய்தது. இது அலைகளின் வேகத்தைத் தணித்து மணல் படிய வழிசெய்தது. இன்று காந்தி சிலைக்கு வடக்கே காணப்படும் மணற்பரப்பு இவ்வாறு மீண்டதாகும்.

நகருக்கு வெளியே

அரிக்கமேடு: நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது. 1945இல் மோர்ட்டிமர் வீலர், பின்னர் கசால், 1989-1992இல் விமலா பெக்லி ஆகியோர் இங்கு அகழாய்வு நடத்தினர். உரோமானிய மதுச்சாடிகளும் மணிகளும் கிடைத்தன. கிரேக்க நூல்கள் குறிப்பிடும் பொதுகே துறை இதுவே எனக் கருதப்படுகிறது. அகழ்வுக் குழிகள் மூடப்பட்டுவிட்டன. இன்று தெரியும் செங்கற் சுவர்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆகவே, அருங்காட்சியகத்தை முதலில் கண்டபின் இங்குச் செல்வது பயனுடையது.

ஆரோவில்: வடக்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. மாத்திரிமந்திர் கட்டுமானம் 2008இல் நிறைவுற்றது. இதனை வெளியிலிருந்து காண்பதற்கான அனுமதி வருகையாளர் மையத்தில் வழங்கப்படுகிறது. உள்ளே செல்ல முன்பதிவு தேவை.

ஊசுட்டேரி: மேற்கே உள்ள பெரிய ஏரி. இதன் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வருகின்றன.

திருவக்கரை: ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. இங்குள்ள கல்மரப் பூங்காவில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்களின் கற்படிமங்கள் காணப்படுகின்றன.

செஞ்சிக் கோட்டை: ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் மூன்று மலைகளை இணைத்து அமைந்துள்ளது. மராத்திய இராணுவ நிலக்காட்சிகளின் ஒரு பகுதியாக 2025இல் யுனெசுக்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பயணக் காலம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் வெப்பம் குறைவு. எனினும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் எதிர்பார்க்கத்தக்கவை. கற்கரை உள்ள இடங்களில் கடலில் இறங்குவது ஆபத்தானது. மீனவர் பகுதிக் கடற்கரையைக் காண ஏற்ற வேளை, படகுகள் மீனுடன் கரை திரும்பும் காலைப் பொழுதாகும். அவ்வேளையில் படகுகளுக்கும் வலைகளுக்கும் வழிவிட்டு நிற்பது பார்வையாளர் கடமையாகும்.