லிஸ்பனுக்கு அடுத்த ஊர்

நிக்கோலா பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார் 1597இல் செஞ்சிக்கு வந்தார். இந்தியாவில் நடந்த சபைப் பணிகளைப் பார்வையிட ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர் அவர். கோவா, மேற்குக் கரை, சோழமண்டலக் கரை என்று நீண்ட பயணம். பார்த்ததையெல்லாம் கடிதங்களாக எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். இந்தியாவில் தாம் கண்ட ஊர்களிலேயே செஞ்சிதான் பெரியது, போர்ச்சுகல் நாட்டில்கூட லிஸ்பனை விட்டால் இதைவிடப் பெரிய ஊர் இல்லை என்று அவற்றில் எழுதியிருக்கிறார்.

செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் செஞ்சி என்றால் தாலுகா ஆபீஸ், திருவண்ணாமலைக்கு வண்டி மாறும் இடம், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையோடு போய்க் காத்துக்கிடக்கும் மார்க்கெட் கமிட்டி. கோட்டை என்பது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறை ஏறி இறங்கிய மலை. லிஸ்பனோடு ஒப்பிடும் அளவுக்கு அங்கே என்ன இருந்தது?

பிமெண்டா கண்டது கோட்டையை மட்டும் அல்ல, ஒரு நகரத்தை. நகரத்தின் நடுவே இன்னொரு ஊர் போலக் கற்கோட்டை, அதைச் சுற்றித் தண்ணீர் நிறைந்த அகழி, உள்ளே காவல் மாடங்களாகவே செதுக்கியது போன்ற குன்று என்று வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் அவர் விவரிக்கிறார். அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். பிமெண்டாவும் உடன் வந்த பாதிரியார்களும் முதலில் அவரைச் சிதம்பரத்தில் சந்தித்தார்கள். கோவிந்தராஜப் பெருமாள் சன்னதித் திருப்பணியை நாயக்கர் நடத்த, அதை எதிர்த்துத் தில்லை அந்தணர்கள் சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்ட செய்தியும் பிமெண்டாவின் கடிதத்தில்தான் வருகிறது. கொடுத்த வெற்றிலையை வந்தவர்கள் மெல்லவில்லையே என்று நாயக்கர் வியந்ததையும் குறித்துவைத்திருக்கிறார். விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்!

இன்று போகிறவர்கள் செய்வது என்ன? காலையில் இறங்கியதும் ராஜகிரி உச்சிக்கு ஏற்றம், அங்கே ஒரு செல்ஃபி, வெயில் ஏறுவதற்குள் இறக்கம். என் யோசனை இதற்கு நேர் எதிர். முதலில் அடிவாரத்தைச் சுற்றுங்கள், நகரம் இருந்தது கீழேதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் சுவர் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். முக்கோணமாக வளைத்த அந்த இடத்தில் இன்று வயலும் முள்காடும் பாறையும் கிடக்கின்றன. ஊடே திருவண்ணாமலை சாலை போகிறது. பேருந்தில் தூங்கிக்கொண்டே ஒரு பழைய தலைநகரத்தைக் கடந்துவிடலாம்.

அடிவாரத்தில் முதலில் கண்ணில் படுவது கல்யாண மகால். நடுவில் படிகளோடு குளம், சுற்றிலும் வளைவு வளைவாக அறைகள், ஒரு பக்கம் மாடிமேல் மாடியாக எழும் சதுரக் கோபுரம், உச்சியில் கூம்புக் கூரை. கோயில் விமானத்தின் அடுக்கும் சுல்தான்களின் வளைவும் ஒரே கட்டடத்தில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. இதற்கு மண்குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். மேலே கூரையை அண்ணாந்து பார்க்கிறவர்கள் காலடியில் ஓடிய இந்தக் குழாயை நினைப்பதில்லை.

அருகிலேயே நெற்களஞ்சியம். சுவரின் கனமே ஆளை மிரட்டும், உள்ளே குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பும். எத்தனை மூட்டை பிடிக்கும் என்று நம் ஊர்க்காரர் யாராவது கணக்குப் போடாமல் வெளியே வந்ததில்லை. சரியான கேள்விதான் அது. பாறைக் குன்றுகளுக்கு நடுவே அவ்வளவு பெரிய ஊர் பிழைக்க வேண்டுமென்றால், சுற்றுப்பட்டு ஏரிப்பாசன நெல் வண்டி வண்டியாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். பீரங்கி எதிரியைத் தடுக்கும், சோறு போடாது. ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம் என்று நீர்நிலைகளை எண்ணிக்கொண்டே நடந்தால், இதைக் கட்டியவர்கள் சண்டையைப் பற்றி யோசித்த அளவுக்குத் தாகத்தைப் பற்றியும் யோசித்தது புரியும்.

பிறகு மலை ஏறலாம். ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து பள்ளமாக நிற்கும் இடத்தில் ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை யாரும் நெருங்க முடியாது. உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, அங்கேயும் ஒரு களஞ்சியம்.

நாயக்கர்களுக்குப் பிறகு 1649இல் பிஜப்பூர், 1677இல் சிவாஜி. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, ஔரங்கசீப்பின் படை எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் பிடித்தது. ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். 1714இல் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்டார். பத்து மாதம் ஆண்டவரின் கதையைத் தெருக்கூத்து இன்னும் ஆடுகிறது, நூறாண்டுக்கு மேல் ஆண்ட நாயக்கர்களை யாரும் பாடுவதில்லை. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். நகரத்தைக் கொன்றது ஏதோ ஒரு குண்டு அல்ல. முற்றுகை பாதியை வெறுமையாக்கியது. அதிகாரம் ஆற்காட்டுக்கு நகர்ந்ததும் மீதி மெல்ல எழுந்து போயிற்று.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றது. மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழகத்தில் இது ஒன்றே. மகிழ்ச்சிதான். ஆனால் மராட்டியர் கையில் இருந்தது இருபது ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். அந்தத் தலைப்பை மட்டும் படித்துவிட்டு உள்ளே நுழைகிற வெளியூர்க்காரர் மதிலையும் கொத்தளத்தையும் பார்த்துத் திரும்புவார். குளத்தையும் களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் கட்டடக் கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்வார்.

முத்தியாலு நாயக்கர் எழுப்பிய வெங்கடரமணர் கோயிலுக்கும் போய்வாருங்கள். கோபுர வாசலின் சிற்பங்களைப் பார்க்கத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். உள்ளே சில இடங்களில் தூண்கள் இல்லையே என்று தேட வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து எடுத்துப்போன தூண்களில் எட்டு, புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அங்கே மாலையில் சுண்டல் தின்றபடி சாய்ந்து நிற்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், அவர்களும் நம்பமாட்டார்கள்.