தோண்டுமுன் தேடுக!

காற்றாலை வேண்டும், தோழர்களே! மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும். ஆனால் தோண்டுமுன் தேட வேண்டாமா?

அயர்லாந்து நாட்டின் மேட்டு நிலங்களில் ஆள் ஆழத்துக்குக் கருஞ்சேறு. பாசியும் புல்லும் மக்காமல் பல்லாயிரமாண்டு மண்டியது. வெட்டி உலர்த்தினால் ஏழையின் அடுப்புக்கு எரிபொருள். 1930-களில், மேயோ மாவட்டத்தில் அப்படி வெட்டிய பாட்ரிக் கால்ஃபீல்டு என்ற பள்ளி ஆசிரியர், அடியில் கற்கள் வரிசையாகக் கிடக்கக் கண்டார். பின்னாளில் தொல்லியல் கற்ற அவர் மகன் சீமஸ், இரும்புக் கம்பியால் சேற்றைக் குத்திக் குத்திப் பார்த்தார். கம்பி தட்டிய இடமெல்லாம் சுவர்! 5,000 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று கணித்தனர். எந்த மன்னன் கட்டியது? மன்னனல்ல, மாடு மேய்த்தவன் கட்டிய வயற்சுவர்! அவனுக்குக் கல்வெட்டு ஏது, காவியம் ஏது? அந்தச் சேறுதான் அவன் சரித்திரம்.

காற்றாலை ஒவ்வொன்றுக்கும் அடித்தளக் குழி, கனரக வண்டிக்குப் பாதை. ஆகவேதான் முதலில் நடந்து பார்க்கிறார்கள், கம்பியால் ஆழம் அறிகிறார்கள், சிறு குழி வெட்டிச் சோதிக்கிறார்கள். “வீண் தாமதம்” என்கிறார் முதலாளி.

வீணா? அதே நாட்டின் டெரிபிரையன் மலையில், 2003 அக்டோபரில், காற்றாலை வேலையின்போது சேறு சரிந்தது; ஆற்று மீன்கள் மாண்டன. சூழலோடு தொல்பொருளையும் ஆராய வேண்டிய முன்னாய்வு முறையாக நடக்கவில்லை என்று 2008-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் அயர்லாந்து அரசுக்கு 50 லட்சம் யூரோ அபராதம்! கட்டியது யார் பணம்? மக்கள் பணம்!

காற்றாலையைப் பத்தடி தள்ளி நடலாம். ஐயாயிரம் ஆண்டை எங்கே தள்ளி நடுவது?