வளரிளம் பிள்ளைகளின் மனச்சோர்வு

பதினைந்து வயதுப் பையன் எதற்கெடுத்தாலும் சீறுகிறான். பள்ளிக்குச் செல்ல மறுக்கிறான். அவன் சட்டைப்பையில் புகையிலைப் பொட்டலம் அகப்படுகிறது. 'கெட்ட சகவாசம்' என்று தீர்ப்புக் கூறி, அடித்துத் திருத்த முற்படுகின்றனர் பெற்றோர். சங்கப் பணி நிமித்தம் ஊர்தோறும் செல்லும் நாம் இத்தகைய முறையீடுகளை அடிக்கடி கேட்கிறோம்.

பயிரின் இலை பழுத்தால் இலையைக் கடிந்துகொள்வாரில்லை, வேரை ஆராய்கிறோம். பிள்ளைகள் விஷயத்திலும் அதுவே முறை. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாகவே தோன்றும் என்பதில்லை. எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படுவதுண்டு. உறக்கமும் பசியும் மாறுதல், விளையாட்டில் நாட்டம் குறைதல், நண்பர்களை விட்டு விலகுதல், படிப்பில் திடீரெனப் பின்தங்குதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்குமானால் மருத்துவரை நாடவேண்டும். புகையிலை, மது, கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுதல் ஆகியன பல சமயங்களில் வேதனையை மறக்கப் பிள்ளைகள் தேடும் வழிகளே. ஆயின் அவை வேதனையைத் தீர்ப்பதில்லை, பெருக்கவே செய்கின்றன.

10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுக்கு ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆகவே இது குடும்பத்துக்கு இழுக்கன்று; குணப்படுத்தத்தக்க நோயே.

விவசாய உறுப்பினர்கள் மற்றொன்றையும் கருதவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் கணநேர வேகத்தில் எழுவது. அவ்வேளையில் நஞ்சு கைக்கெட்டாதிருப்பின் உயிர் தப்ப வழியுண்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், வங்கிப் பெட்டகம்போல் குடும்பத்துக்கொரு பூட்டுடைய பொதுக் கிடங்கு அமைத்து, பூச்சிமருந்துகளை வீட்டுக்கு வெளியே வைக்கும் முறை சோதிக்கப்பட்டது. மக்கள் அதனை ஏற்றுக்கொண்டனர் என்று 2013-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. கூட்டுறவுக்கு இதனினும் பொருத்தமான பணி வேறெது? நமது சங்கங்களின் பொதுக்குழுக்கள் இதனை ஆலோசித்தல் நலம். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் மருந்துப் பெட்டி பூட்டப்பட்டு, சாவி பெரியவரிடம் இருத்தல் வேண்டும்.

பிள்ளையைத் தனியே அழைத்து அன்புடன் பேசுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள். 'வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா?' என வினவத் தயங்கவேண்டாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. 'ஆம்' என்றால், தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தறியில் இழை அறுந்தால் அப்போதே பிணைக்கின்றோம். பிள்ளைகள் மனத்துக்கும் அந்தக் கவனத்தை அளிப்போமாக.