சின்னக் கோடு செய்த பெரிய வேலை!



சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். அதே துரும்பு கண்ணில் விழுந்தால்? கீபோர்டில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே ஒரு சின்னக் கோடு, அது என் கண்ணில் விழுந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். எடை, கிலோ ரேட்டு, கமிஷன் போக விவசாயிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும் புரோகிராமை ஃபைனல் இயர் புராஜெக்டாக சி மொழியில் எழுதினேன். கணக்குப் பகுதி பில்.சி, அதைக் கூப்பிடும் பகுதி மெயின்.சி. எழுதியது அண்ணனுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்தது. விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் உண்டு.

வைவாவுக்கு இரண்டே நாள். நள்ளிரவு, தூக்கக் கலக்கம். நான் அடிக்க வேண்டியது:

ஜிசிசி -ஓ பில் பில்.சி மெயின்.சி

அடித்தது:

ஜிசிசி -ஓ பில்.சி மெயின்.சி

'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று ஒரு பிழை வந்தது. சரி, திருத்தலாம் என்று பார்த்தால் பில்.சி கோப்பையே காணோம்! மூன்று வார உழைப்பு போச்சு.

காலையில் நண்பனிடம் புலம்பினேன். "என்ன மாப்ள, நீ சொன்னதைத்தானே அது செஞ்சிருக்கு!" என்றான். எரிச்சலாக இருந்தாலும் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

எப்படி என்கிறீர்களா? ஹோட்டலில் "ஒரு தோசை, மொறுமொறுன்னு" என்கிறோம். 'மொறுமொறு' தனியாகவே நிற்கும், வேறு எதையும் கேட்காது. ஆனால் "கணக்குல எழுதிக்குங்க" என்றால் யார் பேரில் என்று தெரிய வேண்டும். அடுத்து "காபி" என்று சொன்னால், யோசிக்கத் தெரியாத சர்வர் 'காபி' என்பவர் பேரில் கணக்கு ஆரம்பித்துவிடுவார்!

ஃப்ளாக்குகளும் இப்படி இரண்டு ஜாதிதான். ஜிசிசியில் '-டபிள்யூஆல்' தனியாக நிற்கும், எச்சரிக்கைகளைக் காட்டும். '-ஓ' அப்படியல்ல, அடுத்த சொல்லை விழுங்கும். விழுங்கியதுதான் வெளிவரும் கோப்பின் பெயர். நான் 'பில்' என்பதை விட்டதால் பில்.சி அதன் வாயில் போனது. இணைப்பு வேலையும் தோற்றதால், அரைகுறை வெளியீடு என்று அந்தக் கோப்பு நீக்கப்பட்டது. ஒரே கோப்பை உள்ளேயும் வெளியேயும் கொடுத்தால் இன்றைய ஜிசிசி தடுத்துவிடும். நான் கொடுத்தது அப்படி இல்லையே! இன்னொன்று: சின்ன ஓ வேறு, பெரிய ஓ வேறு. பெரிய ஓ, புரோகிராமை வேகப்படுத்தச் சொல்வது.

நம் புரோகிராமுக்கும் ஃப்ளாக் வைக்கலாம். அடித்த வரியை ஷெல் சொல் சொல்லாக வெட்டி மெயினுக்குத் தரும். ஆர்க்சி என்பது எத்தனை சொல், ஆர்க்வி என்பது அந்தச் சொற்கள். புரோகிராமின் பெயரும் ஒரு சொல். என் தப்பான வரியில் நாலு, சரியான வரியில் ஐந்து.

இவற்றை இஃப் போட்டுப் போட்டுப் பிரிக்க வேண்டாம். கெட்ஆப்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. யூனிக்ஸுக்காக ஏடி அண்ட் டி எழுதியதை 1985-ல் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். ரேட்டுக்கு ஆர், கமிஷனுக்கு சி, விவரமாகக் காட்ட வி என்றால் அதற்குக் கொடுக்க வேண்டியது 'ஆர்:சி:வி'. பின்னால் முக்காற்புள்ளி இருந்தால் அந்த ஃப்ளாக் அடுத்த சொல்லை விழுங்கும். விழுங்கியது ஆப்ட்ஆர்க்கில் கிடைக்கும். தெரியாத ஃப்ளாக் வந்தால் கேள்விக்குறி திரும்பி வரும். ஃப்ளாக் எல்லாம் முடிந்தால் -1.

இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. கமிஷன் எண்ணை மறந்து '-சி -வி' என்று அடித்தால், சி அந்த '-வி'யையே எண்ணாக விழுங்கும். ஏடோஎஃப் வைத்து மாற்றினால் சத்தமில்லாமல் பூஜ்யம் வரும். கமிஷனே இல்லாத பில்! அப்பா முதலாளிக்கு என்ன பதில் சொல்வார்? அதனால் எஸ்டிஆர்டிஓடி போட்டேன். எண் எந்த இடத்தில் முடிந்தது என்று அது காட்டும். சொல் முழுவதும் எண்ணாக இல்லாவிட்டால், பிழை சொல்லி நிறுத்திவிடுகிறேன்.

பில்லைக் கோப்பில் எழுதும்போதும் அதே கவனம். எஃப்ஓப்பனில் 'டபிள்யூ' என்றால் ஏற்கெனவே இருப்பது அழியும். 2011-ன் சி தரத்தில் வந்த 'டபிள்யூஎக்ஸ்' என்றால், அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் திறக்கவே மறுக்கும். நேற்றைய பில்லை இன்றைய பில் தின்னாது!

பில்.சி என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? "இதையெல்லாம் எதுக்குடா கையால எழுதணும்" என்று நான் முணுமுணுத்துக்கொண்டே எழுதிய ரெக்கார்டு நோட்டில் முழுசாக இருந்தது. ஒரு ராத்திரி உட்கார்ந்து திரும்ப அடித்தேன். வைவாவும் முடிந்தது.

தோழர்களே, என்டர் தட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஃப்ளாக் அடுத்த சொல்லை விழுங்குமா, விழுங்காதா? மேன் பக்கத்தைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும். எனக்கு அந்த ஒரு நிமிடத்தின் விலை ஒரு ராத்திரித் தூக்கம். உங்களுக்கு இலவசம்!



– மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவன்