முதலில் சொன்ன நாட்டுக்குத் தண்டனை

புதிய தொற்று ஒன்று ஏதோ ஒரு நாட்டில் தலைகாட்டியது என்ற செய்தி வெளியானதும், பிற நாட்டு அரசுகள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது பயணத் தடையைத்தான். விசாவை நிறுத்தி வைத்தல், குறிப்பிட்ட நாட்டு விமானங்களை மறுத்தல், வந்திறங்குவோரைத் தனிமைப்படுத்துதல், பரிசோதனைச் சான்றோ தடுப்பூசிச் சான்றோ கேட்டல் என அதற்குப் பல வடிவங்கள் உண்டு. கொரோனா காலத்தில் உலகம் அவை அனைத்தையும் ஒருசேரக் கண்டது. 2019இல் ஏறத்தாழ 146 கோடியாக இருந்த பன்னாட்டுச் சுற்றுலாப் பயணங்கள் 2020இல் அதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கின. இந்தியா 2020 மார்ச் 23 அன்று நிறுத்திய வழக்கமான பன்னாட்டுப் பயணிகள் விமானச் சேவை, 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. இத்தனை பெரிய அடைப்பு நோயை எவ்வளவு தூரம் தடுத்தது, அதன் சுமையை யார் சுமந்தார்கள் என்ற கேள்விகள், அடுத்த பெருந்தொற்றுக்கு முன்பே விடை காணப்பட வேண்டியவை.

நோய்க்கு அஞ்சி வாயிலை அடைக்கும் வழக்கம் பழமையானது. ஏட்ரியாட்டிக் கடலோர நகரான ரகுசா, கொள்ளை நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் ஒதுக்கிடத்தில் தங்கிய பின்னரே நகருக்குள் நுழையலாம் என்று 1377இல் சட்டம் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களும் ரயிலும் காலராவை விரைவாகக் கொண்டுசென்றபோது, துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபட்ட விதிகளால் வணிகம் முடங்கியது. அதனைச் சீர்படுத்தவே 1851இல் பாரிசில் முதல் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதும், மறு ஆண்டே வெனிசில் அதற்கென ஒரு மாநாடு நடந்தது. இந்தக் கட்டுப்பாடுகளின் கடுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற தமிழர்கள், மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே கடல் கடக்க விடப்பட்டார்கள்.

இன்று நடைமுறையில் உள்ள விதிகள் உருவானதற்கு இரண்டு நிகழ்வுகளை முதன்மையாகச் சொல்லலாம். ஒன்று, 1994 செப்டம்பரில் சூரத் நகரில் பரவிய பிளேக். இறந்தவர்கள் ஐம்பதைச் சற்றுக் கடந்தார்கள். நோயும் சில வாரங்களில் அடங்கிவிட்டது. ஆனால் அதற்குள் பல நாடுகள் இந்தியாவுடன் விமானத் தொடர்பைத் துண்டித்தன, இந்தியச் சரக்குகளைத் திருப்பி அனுப்பின. நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு நூறு கோடி டாலருக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. மற்றொன்று, சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 2002 நவம்பரில் தோன்றிய சார்ஸ். அந்த நோய் குறித்த தகவல் உலக சுகாதார நிறுவனத்துக்கு மறு ஆண்டு பிப்ரவரியில்தான் போய்ச் சேர்ந்தது. அடங்குவதற்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்து, 774 பேரின் உயிரைப் பறித்தது. நோயை வெளியே சொன்னால் வணிகமும் பயணமும் முடங்கும், மறைத்தால் உலகமே ஆபத்தில் சிக்கும் என்ற இக்கட்டை இவ்விரு நிகழ்வுகளும் சேர்ந்து காட்டின.

இந்த இக்கட்டைத் தீர்க்கும் நோக்கில் 2005இல் ஏற்கப்பட்டு, 2007 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தவையே பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகள் ஆகும். 196 நாடுகளைக் கட்டுப்படுத்தும் இந்த ஒப்பந்தம் ஒரு கொடுக்கல் வாங்கலைப் போன்றது. உலகுக்கு ஆபத்தாகக் கூடிய நோய் நிகழ்வைக் கணித்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிப்பது ஒவ்வொரு நாட்டின் கடமை. அதற்கு ஈடாக, பிற நாடுகள் தேவைக்கு மீறிய தடைகளை அதன் மீது சுமத்தக் கூடாது. அறிவியல் ஆதாரம் இருக்க வேண்டும், குறைவான கட்டுப்பாட்டால் அதே பயன் கிட்டுமானால் அதையே கைக்கொள்ள வேண்டும், பயணத்தைப் பெரிதும் தடுக்கும் நடவடிக்கை எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 43ஆம் பிரிவு கூறுகிறது. மீறுவோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை என்பதே அதன் பெரிய குறை. 2020 ஜனவரி 30 அன்று கொரோனாவைப் பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசர நிலையாக அறிவித்தபோது, பயண, வணிகத் தடைகளைப் பரிந்துரைக்கவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சேர்த்தே சொன்னது. அந்த அறிவுரையைப் பொருட்படுத்தாத நாடுகளே மிகுதி.

அறிவுரையை மீறிய எல்லா நாடுகளும் தவறு செய்தன என்று சொல்லிவிட முடியாது. முழுமையாகவும் உரிய நேரத்திலும் எல்லையை மூடிய தீவுகள் உயிர்களைக் காத்துக்கொண்டதற்குச் சமோவா தீவுகளின் வரலாறு மறுக்க முடியாத சான்றாகும். 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து தாலூனே என்ற கப்பல் காய்ச்சல் கண்ட பயணிகளுடன் மேற்குச் சமோவாவின் ஆபியா துறைமுகத்தை அடைந்தபோது, அங்கு ஆட்சி செய்த நியூசிலாந்து நிர்வாகம் அவர்களைத் தடையின்றி இறங்க விட்டது. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 8,500 பேர், அதாவது அத்தீவுகளின் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர், ஸ்பானிஷ் காய்ச்சலுக்குப் பலியானார்கள். அருகிலேயே இருந்த அமெரிக்கச் சமோவாவில், ஆளுநர் ஜான் பொயர் கப்பல்களைக் கடுமையாகத் தனிமைப்படுத்தி, தீவு மக்களின் ஒத்துழைப்போடு கரையைக் காவல் காத்தார். அங்கே அந்தக் காய்ச்சலால் ஒருவரும் இறக்கவில்லை. மேற்குச் சமோவாவில் நேர்ந்ததற்காக நியூசிலாந்து 2002இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

அதே நியூசிலாந்து 2020 மார்ச் 19 அன்று, குடிமக்களும் நிரந்தரமாக வசிப்போரும் தவிர மற்ற அனைவருக்கும் எல்லையை மூடியது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அங்கு கொரோனாவால் இறந்தோர் 26 பேர் மட்டுமே என்பது எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய சாதனை அன்று. எனினும் நாடு திரும்பும் குடிமக்கள் அரசு ஒதுக்கும் விடுதி அறைக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஒரு கட்டத்தில் அந்த அறைகள் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டன. சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை அந்தக் குலுக்கல் நியாயமின்றிக் குறுக்கியது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

தீவாக இல்லாத நாடுகளின் நிலை வேறு. நோய் வெளிப்படையாகத் தெரிய வருவதற்குள், அறிகுறி இல்லாதவர்கள் வழியாக அது பல இடங்களுக்குச் சென்றுவிடுகிறது. விமான நிலையத்தில் உடல் வெப்பத்தை அளக்கும் கருவி அவர்களைக் கண்டுகொள்ளாது. வூகான் நகரம் 2020 ஜனவரி 23 அன்று அடைக்கப்படுவதற்கு முன், சீனப் புத்தாண்டுப் பயணமும் நோய் அச்சமும் சேர்ந்து ஐம்பது லட்சம் பேர் அங்கிருந்து வெளியேறிவிட்டதாக அந்நகர மேயரே தெரிவித்தார். அந்த அடைப்பு சீனாவின் பிற பகுதிகளில் நோய்ப் பரவலை மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை மட்டுமே தாமதப்படுத்தியது என்றும், சீனாவுக்கு வெளியே நோய் ஏற்றுமதியாவதைப் பிப்ரவரி நடுப்பகுதி வரை கணிசமாகக் குறைத்தது என்றும் பின்னர் வெளியான கணக்கீடு காட்டியது. அமெரிக்கா பிப்ரவரி 2 முதல் சீனாவிலிருந்து வந்த வெளிநாட்டவரைத் தடுத்தது. ஆனால் நியூயார்க்கில் பரவிய வைரஸின் மரபணு வரிசையை ஆராய்ந்தபோது, அது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது எனத் தெரிந்தது. ஒரு வாசலை அடைத்துவிட்டு மற்றொன்றைத் திறந்து வைத்தவர்களுக்குக் கிடைத்தது சில வாரங்களே. அந்த வாரங்களில் பரிசோதனைக் கருவிகளும் மருத்துவமனைப் படுக்கைகளும் பெருகியிருந்தால் தடை பயன்பட்டிருக்கும். பல நாடுகளில் அது நடக்கவில்லை.

பயணத் தடைகளின் வரலாற்றில் மிகுந்த வருத்தம் தருவது 2021ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு நேர்ந்ததாகும். எய்ட்ஸ், காசநோய் ஆகியவற்றோடு நெடுங்காலம் போராடியதன் பயனாக, வைரஸின் மரபணுவைப் படித்தறியும் வலுவான ஆய்வகங்களை அந்நாடு கட்டி வைத்திருந்தது. நவம்பர் மாதத்தில் கவுட்டெங் மாகாணத்தில் நோய் திடீரென அதிகரித்ததைக் கவனித்த ஆய்வாளர்கள், வழக்கமான பரிசோதனையில் ஒரு மரபணுக் கூறு தென்படாமல் போனதைத் துருவி ஆராய்ந்து, எண்ணற்ற மாற்றங்களைக் கொண்ட ஒரு புதிய திரிபு பரவுவதைக் கண்டறிந்தார்கள். அண்டை நாடான போட்ஸ்வானாவின் ஆய்வாளர்களும் அதே திரிபைக் கண்டார்கள். நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் சென்றது; மறுநாள் துலியோ டி ஒலிவேரா தலைமையிலான அறிவியலாளர்கள் தாங்கள் அறிந்ததை உலகுக்கு அறிவித்தார்கள்; 26ஆம் தேதி அதற்கு ஓமிக்ரான் என்று பெயர் சூட்டப்பட்டது. ஒழுங்குமுறைகள் ஒரு நாட்டிடம் எதை எதிர்பார்த்தனவோ, அதைக் குறைவின்றி அந்நாடு செய்தது.

பெயர் சூட்டப்பட்ட அதே நாளில் பிரிட்டன் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஆறு நாடுகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய நாடுகள் பின்தொடர்ந்தன. அமெரிக்கா 29ஆம் தேதி முதல் எட்டு நாடுகளுக்குத் தடை விதித்தது. ஜப்பான் புதிதாக வரும் வெளிநாட்டவர் அனைவருக்கும் கதவை அடைத்தது. டிசம்பர் 15 அன்று வழக்கமான பன்னாட்டு விமானச் சேவையைத் தொடங்கவிருந்த இந்தியாவும் அந்த முடிவைத் தள்ளி வைத்தது. ஓமிக்ரான் ஒருவரிடமும் கண்டறியப்படாத நாடுகளும் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இருந்த ஒரே காரணத்தால் தண்டிக்கப்பட்டன. இதற்கிடையே, நவம்பர் 19, 23 ஆகிய நாட்களில் தங்கள் நாட்டில் எடுக்கப்பட்ட மாதிரிகளிலேயே ஓமிக்ரான் இருந்ததை நெதர்லாந்து 30ஆம் தேதி அறிவித்தது. அதாவது, தடை விதிக்கப்படும் முன்பே அது ஐரோப்பாவுக்குள் இருந்தது. விமானங்கள் நின்றதால் தென்னாப்பிரிக்க ஆய்வகங்களுக்கு வர வேண்டிய வேதிப்பொருட்களும் தடைபட்டன. உலகம் அந்த வைரஸைப் பற்றி அறியத் துடித்த நேரத்தில், அதை அறியும் வழியையே தடை அடைத்தது. சில வாரங்களில் ஓமிக்ரான் உலகெங்கும் பரவிய பின், டிசம்பர் 15 அன்று பிரிட்டனும், ஆண்டின் கடைசி நாளில் அமெரிக்காவும் தடையை நீக்கின. அதற்குள் கோடைச் சுற்றுலாப் பருவத்தை நம்பியிருந்த தென்னாப்பிரிக்க விடுதிகளும் தொழிலாளர்களும் அதை இழந்துவிட்டார்கள்.

இந்தப் பாடத்தை நோய் கண்டறியும் ஒவ்வொரு சுகாதாரத் துறையும் படித்திருக்கும். அடுத்த முறை ஓர் ஆய்வகத்தில் ஐயத்துக்குரிய திரிபு தென்பட்டால், இன்னும் ஒரு வாரம் உறுதிசெய்துகொண்டு சொல்லலாம் என்று ஓர் அமைச்சர் நினைப்பதற்கு இனி காரணம் உண்டு. அந்த ஒரு வாரத்தில் இழக்கப்படும் உயிர்களைப் பயணத் தடையின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

தடையின் சுமையைச் சுமந்தவர்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டவர்கள் கப்பல் பணியாளர்கள். உலக வணிகச் சரக்கில் பெரும்பகுதி கடல் வழியே செல்கிறது. அடைப்புக் காலத்திலும் மருந்தும் தானியமும் எரிபொருளும் வந்து சேர்ந்தது அவர்களால்தான். ஆனால் துறைமுகங்கள் சரக்கை இறக்கிக்கொண்டு ஆட்களை இறங்க விடவில்லை. 2020 இறுதியில், ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையேற முடியாமல் கப்பல்களிலேயே சுமார் நான்கு லட்சம் பேர் சிக்கியிருந்தார்கள். தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் ஒருவரைக் கப்பலில் வைத்திருக்கக் கூடாது என்ற பன்னாட்டு விதியைத் தாண்டியும் பலர் பணியாற்றினார்கள். வளைகுடாவிலும் ஈரானிலும் மீன்பிடி வேலைக்குச் சென்ற தமிழக மீனவர்களின் நிலையும் இத்தகையதே. வேலையும் கூலியும் நின்ற நிலையில் மாதக்கணக்கில் படகுகளில் கிடந்த அவர்களில் பலர், சமுத்திர சேது என்ற கடற்படை நடவடிக்கையின் கீழ் ஜலஷ்வா கப்பலில் ஏறி 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் கரை இறங்கினார்கள். 2021 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவோ, இந்தியாவிலிருந்து திரும்பும் தன் குடிமக்களுக்கே ஐந்தாண்டுச் சிறை வரை தண்டனை விதிக்கலாம் என்று ஆணையிட்டது. இரு வாரங்களில் முடிந்த அந்த ஆணை, குடியுரிமையின் பொருளையே ஐயத்துக்குள்ளாக்கியது.

ஒழுங்குமுறைகளில் 2024 ஜூனில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளன. அதே ஆண்டு மே 20 அன்று உலக சுகாதார மாமன்றம் பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றையும் ஏற்றது. நோய்க் கிருமியைப் பற்றிய தகவலைப் பகிரும் நாட்டுக்குத் தடுப்பூசியிலும் மருந்திலும் பங்கு கிடைக்க வழி செய்யும் இணைப்பு அப்போது முடிவாகவில்லை. அது தனிப் பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டது. தென்னாப்பிரிக்காவுக்கு நேர்ந்தது மீண்டும் நேராமல் இருக்க வேண்டுமானால், முதலில் சொல்லும் நாட்டுக்கு ஆய்வகப் பொருட்களும் மருந்தும் ஏற்றிய விமானங்கள் எந்தத் தடையிலும் நிற்கக் கூடாது என்பதும், தடை விதிக்கும் நாடு அதற்கு முடிவு நாளையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும் என்பதும் கட்டாய விதிகளாக வேண்டும். சூரத் பிளேக்கின் போது பட்ட இழப்பை அறிந்த இந்தியா இதைப் பன்னாட்டு அவைகளில் உரத்துக் கேட்க வேண்டும்.