உங்களுக்குத் தெரியுமா? குட்டிக்கு ஆயிரங்கள், கொடுமைக்கு ஐம்பது ரூபாய்

மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் வேர் சென்னை அடையாறில் இருக்கிறது. அங்கே கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூற, அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அதன் தலைமையகம் பல காலம் திருவான்மியூர் வால்மீகி நகரில் இருந்தது. 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது.

அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்தி முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். அச்சுப்பிழை அல்ல. மயிலாப்பூரில் இன்று அந்தப் பணத்துக்கு ஒரு நெய் ரோஸ்ட்கூட வராது.

அதே சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் காகிதத்தில் கறாரானவை. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் குட்டிகளை விற்கக் கூடாது. தாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதும் விதிமீறல்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, தெருமுனையில் அட்டைப்பெட்டியோடு கைமாறும் வியாபாரத்தில் தாய் நாயை யார் பார்க்கிறார்கள்? அதற்கு இது எத்தனையாவது ஈற்று என்று எந்த அதிகாரி எண்ணுவார்?

வாங்குபவர் விற்பவரிடம் வாரியப் பதிவுச் சான்றிதழ், மைக்ரோசிப் எண், தடுப்பூசிப் பதிவேடு மூன்றையும் தாராளமாகக் கேட்கலாம். தாயைக் காட்டச் சொல்வதிலும் தப்பில்லை.