கேம் கன்சோலுக்குப் புது ஹார்ட் டிஸ்க்: எதைப் பார்த்து வாங்குவது?

2013-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4-க்குள் இருந்தது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2018-இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஒன்றே ஏறக்குறைய 100 ஜிபியை விழுங்கியது. நாலைந்து கேம் ஏற்றினால் இடம் காலி!

நல்லவேளை, டிஸ்க்கை மாற்ற சோனியே வழி வைத்திருக்கிறது. முதல் மாடலில் மேலே உள்ள பளபளப்பு மூடியை நகர்த்தினால், முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் பொறித்த ஒற்றை ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றி இழுத்தால் டிஸ்க் தட்டோடு வெளியே வரும்.

வாங்கும்போது முதலில் தடிமனைப் பாருங்கள். 2.5 அங்குல சாட்டா டிஸ்க், 9.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதிகக் கொள்ளளவுக்காக உள்ளே சுழலும் தட்டுகளை அடுக்கிய 15 மி.மீ. டிஸ்க் உள்ளே நுழையாது.

அடுத்தது வேகம். பழைய டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. தேவையான தகவல், அதைப் படிக்கும் முள்ளுக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். 7,200 சுழற்சி டிஸ்க்கில் இந்தக் காத்திருப்பு 5.6-இலிருந்து 4.2 மில்லி நொடியாகக் குறையும். சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் 'லோடிங்' திரை அதனால்தான் சட்டென்று மறைகிறது.

ஒரு எச்சரிக்கை: கழற்றுமுன் கேம் சேமிப்புகளை யுஎஸ்பியில் நகலெடுங்கள். புது டிஸ்க்கில் சிஸ்டம் மென்பொருளையும் யுஎஸ்பி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். பவர் பட்டனை இரண்டாவது 'பீப்' கேட்கும்வரை அழுத்தினால் அதற்கான சேஃப் மோட் திறக்கும்.